பாட்டு வேறு, அரசியல் வேறா?

பாட்டுக் கேட்பவன் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகட்டும், அரசியலை அறிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்னும் கருத்து நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கின்றது. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கற்றவர்கள். தமிழின்மீது மெய்யான பற்றுடையவர்கள். அவர்களுள் தமிழாசிரியர்களும் உளர். ஆகவே கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட முடியவில்லை. அக்கருத்து தவறானது என்பதும், அதனால் நம் மாணவர்க்குத் தீங்கு விளைகின்றது என்பதும் என் துணிபு.

இவர்கள் கடிந்துகொள்ளும் ரசிகனை உலு திராமில் எந்த மாலையிலும் காணலாம். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. மலாய் மொழியில் 'உலு' என்றால் ஆற்றின் தலைப்பக்கம். 'திராம்' என்றால் சிப்பி. ஆனால் தமிழருக்கு இவ்வட்டாரம் சிப்பியால் அறிமுகமாகவில்லை; பால்மரத்தால் அறிமுகமாயிற்று. பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது. செம்பனை, தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் கொடுத்தது. லயத்து வீட்டில் பிறந்தவரின் பேரன் இன்று தாமானில் வாடகை வீட்டில் இருக்கின்றான். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகின்றான். இரவு ஒட்டுக்கடையில் நண்பர்களோடு அமர்கின்றான். முதலில் பேச்சு இளையராஜாவா ரகுமானா என்றுதான் தொடங்கும். தே தாரிக் ஆறுவதற்குள் நடிகர் விஜய் கட்சி தொடங்கியது சரியா என்பதற்கு வந்துவிடும். பிறகு ஈழம், பெட்ரோல் விலை, தமிழ்ப்பள்ளிக்கு வராத கட்டடம், நம் நாட்டு அமைச்சர்கள், மீண்டும் இளையராஜா. (அவன் என்று எழுதுகின்றேன். அதே மேசையில் அமரும் பெண்கள் அவனைவிடக் கூர்மையாகப் பேசுவதையும் கேட்டிருக்கின்றேன்.)

அவன் சொல்வதில் பாதி பிழை. ஆண்டுகளை மாற்றிச் சொல்வான். கேட்ட வதந்தியைக் கண்டதுபோல் சொல்வான். நேற்றுப் புகழ்ந்தவரை இன்று தூற்றுவான். இவற்றை மறுப்பார் இலர். பிழையாகப் பேசுகின்றான் என்பது குற்றச்சாட்டாயின் திருத்துவதற்கு நாம் இருக்கின்றோம். பேசவே கூடாது என்பது வேறு. அது பாட்டுக்கும் ஆட்சிக்கும் தொடர்பில்லை என்னும் பொய்யின்மேல் நிற்கின்றது.

தொடர்பில்லையா? இந்தியாவில் 1952-ஆம் ஆண்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கின்றது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். ஓர் அரசு, தன் குடிமக்கள் எதைக் கேட்டு மகிழலாம் என்று ஆணையிட்டது. குடிமக்கள் அண்டை நாட்டு நிலையத்திற்குக் குடிபெயர்ந்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1957-இல், விவித பாரதி தொடங்கப்பட்டது. திரைப்பாடல் அரசு வானொலிக்குள் திரும்பி வந்தது. அமைச்சரை எதிர்த்து யாரும் ஊர்வலம் போனதாக நாம் படிக்கவில்லை. முள்ளைத் திருப்பியதே போதுமானதாக இருந்தது. நம் கற்றவர்கள் கேஸ்கரின் வாதத்தையே இன்று வேறு சொற்களில் சொல்கின்றனர் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

அதற்கும் முன்னே, 1941-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று கூட்டிய மாநாடு தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு முதன்மை பெற வேண்டும் என்று கேட்டது. தமிழில் பாடுங்கள் என்று தமிழ்நாட்டில் கேட்க நேர்ந்தது. கேட்டதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இசைக்கு மொழியில்லை என்று அப்போது மறுத்தவர்கள் தாம் அரசியல் பேசவில்லை என்றே நம்பியிருப்பர். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. இன்று நம் தமிழாசிரியர்கள் இவ்வியக்கத்தைப் பெருமையோடு பாடம் நடத்துகின்றனர். அதே வகுப்பில், பாட்டில் அரசியலைக் கலக்காதே என்று மாணவனுக்கு அறிவுரை கூறுவது எவ்வாறு பொருந்தும்?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தையும் எம்.ஜி.ஆரையும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 29 வயதில், 1959-இல் மறைந்த அக்கவிஞர் உழைப்பவனுக்காக எழுதிய சொற்கள், 1977-இல் முதலமைச்சர் ஆனவரின் வாயசைப்பில் பல்லாண்டு ஊர் ஊராகச் சுற்றின. நம் தோட்டப்புறத் திடல்களில் திரைகட்டிக் காட்டிய படங்களிலும் சுற்றின. இது எல்லாரும் அறிந்த கதை.

இளையராஜாவின் செய்தியில்தான் நம் ரசிகன் உண்மையாகவே திணறினான். 2022 ஏப்ரலில், பிரதமர் மோடியை அம்பேத்கருடன் ஒப்பிடும் நூலொன்றுக்கு அவர் எழுதிய அணிந்துரை வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வணிந்துரையை ஏற்றவர்கள் சிலர், எதிர்த்தவர்கள் பலர். எதிர்த்தவர்களை நோக்கி ஒரே விடைதான் வந்தது: இசையை மட்டும் கேளுங்கள், மனிதரை விடுங்கள். கேட்பதற்கு அடக்கமான அறிவுரை. ஆனால் இளையராஜாவின் இசை எங்கே பயிற்சி பெற்றது? பண்ணைப்புரத்துச் சிறுவனாக அவர் தம் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகச் சென்றது கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடுவதற்காக. 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாவலர் பாடினார். அத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவருவதற்கு முன்னரே அந்தச் செவி, கூட்டத்தின் நாடியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அரசியல் மேடையில் விளைந்த இசையைக் காட்டி, இதில் அரசியலைத் தேடாதே என்று சொல்வதைவிடப் பெரிய முரண் வேறில்லை.

இதற்குப் பொருள், அணிந்துரை பிடிக்காதவன் பாட்டை அணைத்துவிட வேண்டும் என்பதன்று. ஒட்டுக்கடையில் ஒருவன் சொன்னது நினைவில் நிற்கின்றது: "பாட்டு எனக்கு வேணும், அந்தக் கருத்து எனக்கு வேணாம், ரெண்டையும் நானே சொல்லிக்கிறேன்." அவன் சொன்னது திறனாய்வு. பாட்டின் மேன்மையும் பாடியவரின் கருத்தும் ஒரே தட்டில் எடைபோடத் தக்கவை அல்ல, ஆனால் இரண்டையும் எடைபோடும் உரிமை கேட்பவனுக்கு உண்டு என்பதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். 'எழுத்தாளன் வேறு, எழுத்து வேறு' என்று நாம் பல பக்கங்கள் எழுதி இன்னும் முடிக்காத வாதம் அது.

இனி 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த அப்பாடலை நம் ஊர்த் திருமணங்களில் ஆடாதவர் குறைவு. அறிவும் தீயும் பாடினர். இசை சந்தோஷ் நாராயணனுடையது. ஆட்டப் பாட்டென்று அதை ஒதுக்கிய ஆசிரியர்களைக் கண்டிருக்கின்றேன். அப்பாட்டின் வேர் எங்கே இருக்கின்றது என்று அவர்கள் பார்த்திருந்தால் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அங்கிருந்து தமிழகத்துக்குத் திரும்பி வந்தவர். அவர் சொன்ன கதைகள் அப்பாட்டுக்குள் இருக்கின்றன.

திரும்பினார் என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகின்றோம். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதுபோல் மனிதர்களைப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு பேரன் அதைப் பாடுகின்றான், உலகம் ஆடுகின்றது.

உலு திராம் ரசிகனுக்கு இக்கதை அயல்நாட்டுக் கதையா? 1969-க்குப் பிறகு நம் நாட்டில் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பால்மரத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. 'ரஜூலா' என்ற பெயரைச் சொன்னால் இன்றும் முதியவர்கள் சற்று நேரம் பேசாமலிருப்பர். அடையாள அட்டையின் நிறத்தைப் பொறுத்து வாழ்க்கை அமைந்த கதை நம் வீடுகளிலும் உண்டு. பாடநூலில் அதற்கு எத்தனை வரி ஒதுக்கப்பட்டிருக்கின்றது என்பதை ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளட்டும். பாட்டில் அது வந்தது.

வந்த பிறகு நடந்ததும் அரசியலே. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து அறிவும் இசையமைப்பாளரும் வேறுபட்ட விளக்கங்களை வெளியிட்டனர். 2024 மார்ச்சில், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். உழைத்தவன் பெயர் அட்டையில் இல்லை, கூலி கைக்கு வரவில்லை என்றால் தோட்டத்து மக்களுக்கு அது புதிய செய்தியன்று. அன்றைக்கு ஒட்டுக்கடைகளில் எழுந்த சினம் நியாயமான சினம். அதை வெறும் சினிமாச் சண்டை என்று தள்ளிவிட்ட நம் கட்டுரையாளர்கள், கைக்கு எட்டிய ஒரு வரலாற்றுப் பாடத்தை நழுவவிட்டனர்.

நம் நாட்டுக் கலைஞர்களை எடுத்துக்கொண்டாலும் நிலை வேறன்று. 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துப் பாடலொன்றை எடுத்து நம் மண்ணின் வேகத்தில் திருப்பிப் பாடியது. மலேசியத் தமிழனின் குரலைச் சென்னை கேட்டுப் பின்பற்றிய அரிய தருணங்களுள் அது ஒன்று. அடுத்த ஆண்டு, 2007 நவம்பர் 25-இல், கோலாலம்பூர்த் தெருக்களில் இண்ட்ராப் அழைப்பை ஏற்று மக்கள் திரண்டனர். பாட்டுத்தான் கூட்டத்தைத் திரட்டியது என்று சொல்லும் அளவுக்கு நான் துணியமாட்டேன். தோட்டம் இழந்து நகர விளிம்பில் வளர்ந்த ஒரு தலைமுறை தன் குரலை முதலில் பாட்டில் கேட்டது என்று மட்டும் சொல்வேன். மற்றொன்றும் சொல்ல வேண்டும். பினாங்குச் சகோதரர்களான லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவாக மலாய் மொழியில் பாடி நாடு முழுவதையும் ஈர்த்தனர். இனங்களை இணைக்க எத்தனையோ மாநாடுகள் கூட்டப்படுகின்றன. அந்தச் சுருள்முடிக்காரர்கள் மாநாடின்றியே அதைச் செய்துகாட்டினர். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது நம் இலக்கிய ஏடுகள் அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கின?

"நாங்கள் இலக்கியவாதிகள், இலக்கியத்தை அரசியலாக்க மாட்டோம்" என்பவர்களுக்கு 2011-ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றேன். 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தது. நம் முன்னோரைச் சாதிப் பெயரிட்டுச் சுட்டிய பகுதிகளைக் கண்டு சமூகம் கொதித்தது. ஆண்டிறுதியில் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று எழுத்து வேறு, அரசியல் வேறு என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் சங்கம் முதல் ஆலயக் குழு வரை எல்லாரும் பேசினர். பேசியது சரியே. நாவலைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு உண்டென்றால், பாட்டைப் பற்றிப் பேசும் தகுதி அந்த மோட்டார் சைக்கிள் இளைஞனுக்கு ஏன் இல்லை?

இனி என் வழக்கு ரசிகனோடு. அவனுக்காக இவ்வளவு வாதாடியதனால் அவனைக் கண்டிக்கும் உரிமையும் எனக்குண்டு. தனக்குப் பிடித்த நடிகரைப் பிறர் குறைகூறும்போது மட்டும் அவனும் "பாட்டு வேறு, அரசியல் வேறு" என்கின்றான். கற்றவர்களிடமிருந்து அவன் கடன் வாங்கிய ஒரே கருத்து அதுதான் போலும்!

2025 டிசம்பர் 27 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் விஜய்யின் 'ஜன நாயகன்' படத்துப் பாடல் வெளியீட்டு விழா நடைபெற்றது. 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கியவர், தேர்தலை எதிர்நோக்கியிருந்தவர், திரையுலகில் இதுவே இறுதிப் படம் என்று அறிவித்தவர். விழாவில் அரசியல் பேசக்கூடாது என்று மலேசியக் காவல்துறை கட்டுப்பாடு விதித்ததாக நாளேடுகள் எழுதின. படத்தின் தலைப்பே அரசியலாக இருக்கும்போது, பேச்சுக்கு மட்டும் பூட்டுப் போட்டு என்ன பயன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஜொகூரிலிருந்து பேருந்து பிடித்துச் சென்ற நம் இளைஞர்கள் எதற்காகச் சென்றார்கள்? பாட்டுக்கென்றால், மகிழ்ச்சி. தலைவரைக் காணவென்றால், அவர் கேட்கவிருந்த வாக்கு நம்மிடம் இல்லையே! அதே ஆண்டு செப்டம்பர் 27-இல் கரூரில் அவருடைய பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அதற்கு யார் பொறுப்பு என்று உலு திராமில் நள்ளிரவு வரை வாதம் நடந்தது, நானும் கேட்டேன். கூட்டத்தை யார் ஒழுங்குபடுத்த வேண்டும், காவல்துறையின் கடமை என்ன, கட்சியின் கடமை என்ன என்று ஒவ்வொருவனும் வழக்கறிஞனைப் போல் பிரித்துப் பேசினான். அறிவு இல்லாதவன் பேசும் பேச்சன்று அது.

அதே மேசையில் நான் ஒரு கேள்வி கேட்டேன். உலு திராமை உள்ளடக்கிய சட்டமன்றத் தொகுதியின் பெயர் என்ன? 'திராம்' என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் அவனைப் பார்த்தனர். தெப்ராவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அது அடங்கும் என்பதைச் சொல்ல ஆளில்லை. 2022 மார்ச் 12-இல் ஜொகூர் மாநிலத் தேர்தல் நடந்தபோது வாக்களித்தோர் ஏறக்குறைய 55 விழுக்காட்டினரே. பதினெட்டு வயதினர் முதன்முதலாக வாக்களிக்கும் வாய்ப்புப் பெற்ற தேர்தல் அது. பெருந்தொற்றும், சிங்கப்பூர் எல்லைக் கட்டுப்பாடும், மூன்றாண்டுகளில் மாறிய அரசுகளைக் கண்டு வந்த சலிப்பும் காரணங்கள் என்பர், மெய்தான். ஆயினும், சென்னைத் தொகுதிகளின் கூட்டணிக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பவன் தன் தாமானுக்கு எதிரே உள்ள வாக்குச் சாவடிக்கு நடக்கவில்லை என்றால், அதைச் சலிப்பென்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியுமா? அவனுடைய அரசியல் அறிவு கூர்மையானது. அதற்கு முகவரிதான் தவறிப்போயிற்று.

முகவரி தவறியதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் ஓடும் தொலைக்காட்சியும் கையில் இருக்கும் கைப்பேசியும் சென்னைச் செய்தியை நிமிடத்திற்கு நிமிடம் கொட்டுகின்றன. தன் ஊர்ச் சட்டமன்றத்தைப் பற்றித் தமிழில் எழுத எத்தனை ஏடுகள் முன்வந்தன? பள்ளியில் நாம் என்ன செய்தோம்? கட்டுரைக்குக் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள்: மரம் வளர்ப்போம், தூய்மை பேணுவோம், நூல் நிலையத்தின் பயன்கள். பதினேழு வயது மாணவன் தன் மனத்துக்குள் நாளும் நடத்தும் விவாதத்துக்கு விடைத்தாளில் இடமில்லை. ஆதலால் அது ஒட்டுக்கடைக்குப் போயிற்று. அங்கே அதைத் திருத்த ஆசிரியர் இல்லை.

தேர்வுக்கு உதவாததை வகுப்பில் நடத்த நேரமேது என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் கேட்பது மாதத்தில் ஒரு பாடவேளை. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்த நம் தோட்டப்புறப் பாடல்கள் உள்ளன. கங்காணியை ஏசியும், கிராணியைக் கேலி செய்தும், கப்பலேற்றியவனைச் சபித்தும் பால்மரத்தடியில் நம் பாட்டிமார் பாடியவை. தோட்ட நிர்வாகத்தைப் பற்றி எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் போகிற போக்கில் வெளியிட்ட கருத்துகள் அவை. அறிந்தவர்கள் பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவற்றுள் ஒன்றையும் அறிவின் பாடலையும் அருகருகே வைத்து மாணவனைக் கேட்கச் செய்யலாம். யார் யாரிடம் பேசுகின்றார்? யாரை நோக்கிச் சினம்? எந்தச் சொல் தோட்டத்துக்குரியது, எது மேடைக்குரியது? பிறகு உன் ஊரில் இன்று இதைப் பாடுவதானால் யாரை நோக்கிப் பாடுவாய் என்று கேட்கட்டும். பெயரும் பதவியும் தொகுதியும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சிவப்பு மையால் திருத்தட்டும். உலு திராம் மாணவன் முதலில் விஜய்யின் பெயரைத்தான் எழுதுவான். எழுதட்டும். அதை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கேட்பது ஆசிரியரின் வேலை.